வெள்ளெழுத்து: படிக்காதவர்களின் கண் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் தெருவில் எனக்குச் சில வேலைகள் உண்டு. மனு எழுதித் தருவது, வங்கிப் படிவம் நிரப்புவது, கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்ப்பது, யாராவது ஒரு சொல்லைக் கேட்டால் அர்த்தம் சொல்வது. அப்படிப்பட்ட நான் 'வெள்ளெழுத்து' என்ற சொல்லின் அர்த்தம் தெரியாமல் ஏழெட்டு வருஷம் இருந்திருக்கிறேன். அகராதி அர்த்தம் தெரியும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கித் தெரிவது. அது என் அம்மாவுக்கு வந்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அம்மா பீடி சுற்றுகிறவள். தென்காசிப் பக்கத்து ஊர்களில் சுளகும் கத்திரிக்கோலும் இல்லாத திண்ணையைப் பார்ப்பது கஷ்டம். இலையை நனைத்து, தகட்டளவு வைத்து வெட்டி, தூளை நிரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடித்துவிட வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. மாலையில் கம்பெனிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே பார்க்கிறவர் சரியில்லாததைத் தனியே எடுத்துப் போடுவார். அது கழிவு. கழிவுக்குக் கூலி கிடையாது.

அம்மாவுக்குக் கழிவு வருஷா வருஷம் கூடிக்கொண்டே வந்தது. அவள் சொன்ன காரணம்: "கை தளந்துபோச்சுய்யா. முன்ன மாதிரி ஓடமாட்டேங்கு." கண் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானும் கையைத்தான் பார்த்தேன். தைலம் வாங்கிக் கொடுத்தேன். நூலைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது தினமும் என் எதிரில் நடந்தது. அதே திண்ணையில் உட்கார்ந்து 'உடலும் அதிகாரமும்' என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

இதை வீட்டுக் கதையாக மட்டும் சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பார்வை குறித்த தன் முதல் உலக அறிக்கையை வெளியிட்டது. அதன் கணக்கில் உலகில் 220 கோடிப் பேருக்காவது ஏதோ ஒரு பார்வைக்குறை உண்டு. அதில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் சரிசெய்யப்படாதது. இந்த நூறு கோடியில் ஆகப்பெரிய பங்கு கண்புரையும் இல்லை, கண்நீர் அழுத்தமும் இல்லை. வெள்ளெழுத்து வந்தும் தகுந்த கண்ணாடி இல்லாதவர்கள் மட்டும் 82.6 கோடிப் பேர். எழுநூறு ஆண்டுக்கு முன்பே மருந்து கண்டுபிடித்தாயிற்று, விலையும் பெரிதில்லை. அப்புறமும் ஏன் போய்ச் சேரவில்லை? இந்தக் கேள்வியைத்தான் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது அது தட்டையாகவும், கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது உப்பலாகவும் மாறும். சுற்றியுள்ள ஒரு தசை அதை மாற்றிக்கொண்டே இருக்கிறது. வயது ஏற ஏற லென்ஸ் விறைத்துப்போகிறது. தசை இழுத்தாலும் தளர்த்தினாலும் அது முன்போல உப்புவதில்லை. குழந்தையால் மூக்கு நுனிக்குப் பக்கத்தில் வைத்த பொருளையும் பார்க்க முடியும். நாற்பத்தைந்தில் ஒரு முழத்துக்குத் தள்ளிப் பிடித்தால்தான் தெளிகிறது. ஐம்பத்தைந்தில் கை நீளம் போதாமல் போகிறது.

இது நோயில்லை, நரை மாதிரி. கேரட் தின்றவருக்கும் வரும், தின்னாதவருக்கும் வரும். கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுப்போகும் என்று ஊரில் சொல்வதும் சரியில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் தன் போக்கில் விறைத்துக்கொண்டுதான் இருக்கும்.

கண்ணின் லென்ஸ் தர மறுக்கிற உப்பலை வெளியே இருந்து ஒரு குவிலென்ஸ் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றிலிருந்து மூன்று டயாப்டருக்குள் அடங்கிவிடும். கடைக்காரர்கள் பாஷையில் ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டு, ரெண்டரை. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் போதும் என்பதால் ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே செய்து குவித்துவைக்கலாம். போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம், செருப்பு வாங்குகிற மாதிரி.

பள்ளிப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் போகிற கிட்டப்பார்வை வேறு விவகாரம். ஒவ்வொரு கண்ணுக்கும் அளவு வேறாக இருக்கும். உருண்டையான கண் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் லென்ஸைக் குறிப்பிட்ட கோணத்தில் வைத்துச் செய்ய வேண்டும். சோதிக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும், கருவி வேண்டும், வெட்டித் தருகிற கடை வேண்டும். தூரப் பார்வைக் கோளாறுக்குத் தகுந்த கண்ணாடி உலக அளவில் நூற்றுக்கு 36 பேருக்கே கிடைத்திருக்கிறது என்று 2022இல் அதே நிறுவனம் சொன்னது. அங்கே ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்ளலாம். வெள்ளெழுத்து விஷயத்தில் அந்தக் காரணமும் கிடையாது. கண்ணாடி இருக்கிறது, வேண்டியவர் இருக்கிறார், இருவருக்கும் நடுவில் ஏதோ நிற்கிறது.

விலை என்பார்கள். விலையும்தான். ஆனால் எந்த விலை? பேருந்து நிலையத்து நடைமேடையில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கண்ணாடி தொங்குகிறது. நகரத்துக் கண்ணாடிக் கடையில் அதே பவர் ஆயிரத்தைத் தாண்டும். அங்கே நாம் கொடுப்பது ஃபிரேமுக்கு, பெயருக்கு, கடை வாடகைக்கு, ஏ.சி.க்கு. 2018இல் பிரான்சின் எஸ்ஸிலோரும் இத்தாலியின் லக்ஸாட்டிகாவும் ஒரே நிறுவனமாயின. லென்ஸ், ஃபிரேம், கடை மூன்றும் ஒரு கைக்குள் வந்தன. சந்தையின் மேல்தளம் இப்படி. கீழ்த்தளத்தில் இருக்கிறவளுக்கு விலை என்பது வேறு கணக்கு. பஸ் செலவு, துணைக்கு வருகிறவனின் கூலி, அன்றைக்கு ஓடாத ஆயிரம் பீடி. இதோடு யாரும் விலைச்சீட்டு ஒட்டாத இன்னொரு செலவும் இருக்கிறது. அதற்குத்தான் சொல்லுக்குள் போக வேண்டியிருக்கிறது.

3

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பிரெஸ்பயோப்பியா. கிரேக்கத்தில் பிரெஸ்பிஸ் என்றால் முதியவர். முதியவர் கண். தெலுங்கில் சத்வாரம். சமஸ்கிருதத்தின் நாற்பதிலிருந்து வந்தது. மராத்தியில் சாளிஷி. அதுவும் நாற்பது. தமிழிலேயே முந்தைய தலைமுறையினர் சாளேசரம் என்பார்கள். அதிலும் சாலீஸின் சாயல் கேட்கிறது. இவையெல்லாம் வயதை வைத்துப் பெயரிட்டவை. நாற்பது வயது எல்லாருக்கும் வரும். சத்வாரம் என்கிற சொல்லுக்குள் கணக்குப்பிள்ளையும் அடங்குவார், களை பறிக்கிறவளும் அடங்குவாள்.

தமிழும் மலையாளமும் மட்டும் எழுத்தை வைத்துப் பெயரிட்டன. வெள்ளெழுத்து. எழுத்து வெளுத்துத் தெரிவது. கண்ணில் நடக்கிற ஒன்றை ஓலையிலோ தாளிலோ நடப்பதாகச் சொல்கிறது இந்தச் சொல். அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுத்தே இல்லாதவளுக்கு எது வெளுக்கும்? இந்தப் பெயரைச் சூட்டியவன் வாசிக்கிறவன். தன் அனுபவத்தை உடம்பின் பொது அனுபவமாக அகராதியில் ஏற்றிவிட்டான். பூக்கட்டுகிறவள், நெசவுக்காரன், தையல்காரன், அரிசியில் கல் பொறுக்குகிறவள், பேரப்பிள்ளை தலையில் பேன் பார்க்கிறவள் யாருக்கும் இந்தச் சொல்லில் இடமில்லை. அவர்களுக்கு வந்திருப்பது பெயரில்லாத ஒன்று. பெயரில்லாததால் அது கண்ணைவிட்டு நகர்ந்து கைக்குப் போய்விடுகிறது. 'கை தளந்துபோச்சு.'

ஆங்கிலத்தையும் மெச்ச வேண்டியதில்லை. வைத்தியர் பாஷையில் முதியவர் கண் என்றவர்கள் சந்தை பாஷையில் 'ரீடிங் கிளாஸ்' என்றார்கள். நம் ஊர்க் கடைகளிலும் அதுதான் பெயர். படிக்கிற கண்ணாடி. ஊசி கோர்க்கிற கண்ணாடி என்று எந்தக் கடையிலும் பலகை இல்லை.

சொல் இப்படி இருப்பதால்தான் கண்ணாடி கிடைக்கவில்லை என்று சொன்னால் அது அசட்டுத்தனம். மொழியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்கிற பேச்சு நம் பக்கங்களில் நிறைய வந்தாயிற்று. நான் சொல்வது இவ்வளவுதான்: கண்ணாடி என்ற பொருளை எழுத்தின் குறியாகவே வாசிக்க நாம் பழகியிருக்கிறோம். அந்தச் சொல் அந்தப் பழக்கத்தின் தடயம்.

4

பழக்கம் பழசு. கண்ணாடி 1280களில் இத்தாலியில் பிறந்தது என்று கணிக்கிறார்கள். 1306இல் ஃபிளாரன்ஸில் ஒரு துறவி செய்த பிரசங்கம் இதற்குச் சான்று. அந்தக் கலை தோன்றி இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று அதில் சொல்லியிருக்கிறார். கண்ணாடி அணிந்த மனிதனின் மிகப் பழைய ஓவியம் த்ரெவீசோ என்ற ஊரின் மடத்தில் இருக்கிறது. 1352இல் தொம்மாசோ தா மோதெனா வரைந்தது. ஹியூ என்ற கர்தினால் மேசை முன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார், மூக்கில் கண்ணாடி.

இதில் வேடிக்கை, அந்தக் கர்தினால் 1263இலேயே இறந்துபோனவர். கண்ணாடி பிறப்பதற்கு முன்பே. அவர் அதைப் பார்த்திருக்கவே முடியாது. ஓவியர்தான் மாட்டிவிட்டிருக்கிறார், இவர் பெரிய படிப்பாளி என்று காட்ட. ஆக, நமக்குக் கிடைக்கிற முதல் படத்திலேயே கண்ணாடி பார்வைக்கான கருவியாக இல்லை. படிப்பின் அடையாளமாக இருக்கிறது.

அதே காலத்தில் கைவினைஞர்களும் கண்ணாடி போட்டார்கள். பொருளாதார வரலாற்றாளர் டேவிட் லாண்டஸ் 1998இல் வெளியான தன் நூலில், நுண்வேலை செய்யும் கைவினைஞனின் உழைக்கும் ஆயுளைக் கண்ணாடி இரட்டிப்பாக்கியது, ஐரோப்பா முந்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வாதிடுகிறார். லாண்டஸ் அப்பட்டமான ஐரோப்பிய மையவாதி. அவர் முடிவுகளோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனாலும் கண்ணாடியைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பட்டறையில் வைத்துப் பார்த்தாரே, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாம் அதைச் செய்யவில்லை.

நம் சூழலில் இந்தக் குறி இன்னொரு வேலையும் செய்கிறது. ஊர் முக்கில் நிற்கும் அம்பேத்கர் சிலைக்குக் கண்ணாடி உண்டு, கையில் புத்தகம் உண்டு. எழுத்து மறுக்கப்பட்டவர்கள் எழுத்தைக் கைப்பற்றியதன் அடையாளம் அது. அதை நான் கொண்டாடுகிறேன். ஒரே குறி ஓரிடத்தில் விடுதலையாகவும் இன்னோரிடத்தில் வாசல் அடைப்பாகவும் இயங்கும். அடைப்பு எப்படி இருக்கும் என்பதை நான் ஒரு முகாமில் பார்த்தேன்.

5

பக்கத்து ஊர் மண்டபத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். வரிசை. தூரத்தில் நாலு திசையில் திரும்பிய 'இ' போட்ட பலகை. அம்மா விரலால் திசை காட்டினாள், சரியாகவே. தூரப் பார்வை நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த மேசையில் ஒரு பையன், இருபத்திரண்டு வயதிருக்கும், சின்ன எழுத்திலிருந்து பெரிய எழுத்து வரை அச்சடித்த தமிழ் அட்டையைக் கையில் கொடுத்தான்.

"வாசிங்கம்மா."

"எனக்கு வாசிக்கத் தெரியாதேப்பா."

"பேப்பர், புஸ்தகம் எதுவும் படிப்பீங்களா?"

"இல்லப்பா. கையெழுத்து மட்டும் போடுவேன்."

"அப்ப ஒங்களுக்குக் கிட்டத்துக் கண்ணாடி தேவப்படாதும்மா. கண்ணு நல்லாருக்கு, போங்க."

அவன் கெட்டவன் இல்லை. வரிசை நீளம், வெயில், காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் அவன் கையிலிருந்த அட்டைக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா சந்தோஷமாக வெளியே வந்தாள். கண்ணு நல்லாருக்காம்.

1963இல் வெளிவந்த மருத்துவமனை பற்றிய தன் நூலில் ஃபூக்கோ, நவீன மருத்துவம் ஒரு புதிய பார்வையை உண்டாக்கியது என்றார். உடலைப் பிளந்து, வகைப்படுத்தி, பார்க்கக்கூடியதாக ஆக்கும் பார்வை. இங்கே அந்தப் பார்வைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது ஒரு கண். பார்வை அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை, அது வாசிக்குமா என்று பார்த்தது. எழுத்து தெரியாதவர்களின் தூரப் பார்வையைச் சோதிக்கத் திரும்பிய 'இ' இருக்கிறது. கிட்டப் பார்வைக்கும் அதே போன்ற அட்டைகள் உண்டு, அந்த மேசையில் இல்லை. ஒரு நூல்கண்டும் ஊசியும் இருந்திருந்தாலே போதும்.

இது ஒரு மேசையின் கோளாறு மட்டுமா? நம் திட்டங்கள் யாரிடமிருந்து தொடங்குகின்றன என்று பாருங்கள். 1976இல் தொடங்கிய மத்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் ஆனாலும், தமிழ்நாட்டின் 'கண்ணொளி காப்போம்' ஆனாலும், இலவசக் கண்ணாடி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிப் பிள்ளைதான். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியதுதான், அதில் தகராறு இல்லை. அதே வீட்டில் இருக்கிற நாற்பது தாண்டியவர்கள் எந்த வரிசையில் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

முகாமிலிருந்து திரும்பி திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனோம். நடைமேடையில் கண்ணாடி விற்கிறவர் அம்மாவைப் பார்த்ததும் "என்ன வேல செய்யுதீங்க யக்கா?" என்றார். படிப்பீங்களா என்று கேட்கவில்லை. பீடி என்றதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஊசியும் கறுப்பு நூலும் எடுத்துக் கொடுத்தார். ஒண்ணரை சரிப்படவில்லை. இரண்டு. நூல் ஒரே தடவையில் உள்ளே போனது. நூற்றிருபது ரூபாய்.

இதை வைத்து நடைமேடையே போதும் என்று வாதாட மாட்டேன். கண்நீர் அழுத்தம் வலியில்லாமல் பார்வையைத் தின்னும். சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கும். இதையெல்லாம் நடைமேடைக்காரர் கண்டுபிடிக்க முடியாது, மருத்துவர்கள் இதைச் சொல்லி எச்சரிப்பது நியாயம். மதுரையில் 1976இல் பதினொரு படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. முகாம் நடக்கிற இடத்திலேயே லென்ஸை வெட்டி அன்றைக்கே கண்ணாடியைக் கொடுத்துவிடுவது, சிறு ஊர்களில் நிரந்தரப் பார்வை மையம் வைத்து மருத்துவரோடு தொலைவிலிருந்தே பேசவைப்பது என்று. இன்னொரு நாள் வா என்றால் கூலிக்காரி வரமாட்டாள் என்கிற எளிய உண்மையை அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். எச்சரிக்கை வேண்டும். எச்சரிக்கையின் பெயரால் இருபது வருஷம் காத்திருக்கச் சொல்லக்கூடாது.

6

கை வேலைக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவை அறிவியல் கணக்கில் ஏற்றியது அஸ்ஸாமில் நடந்த ஓர் ஆய்வு. 2017இல் அங்கே தேயிலை பறிக்கிற, நாற்பது வயதைத் தாண்டிய 751 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு உடனே கண்ணாடி, மறுபாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. முடிவு 2018இல் லான்செட் குழும இதழில் வந்தது. கண்ணாடி கிடைத்தவர்கள் ஆரம்பத்தில் நாளுக்குச் சராசரி 25 கிலோ பறித்தார்கள், பிறகு 34.8 கிலோ. கிடைக்காதவர்கள் 26இலிருந்து 30.6. எல்லாருக்கும் கூடியதைக் கழித்துப் பார்த்தால் கண்ணாடியால் மட்டும் வந்தது 5.25 கிலோ, அதாவது 21.7 சதவீதம். ஐம்பது தாண்டியவர்களிடம் இது இன்னும் அதிகம்.

அடுத்தது வங்காளதேசம். 2024இல் வெளியான ஆய்வு, 35 முதல் 65 வயது வரையுள்ள 824 பேர், எட்டு மாதம். கண்ணாடி கிடைத்தவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 33.4 சதவீதம் கூடியிருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுத்தறியாதவர்கள். அவர்கள் வாசித்துச் சம்பாதிக்கவில்லை.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு இரண்டு மாதிரி இருந்தது. ஒன்று, அப்பாடா என்றிருந்தது. கண்ணாடி கைக்கும் வேண்டும் என்று யாரோ நிரூபித்துவிட்டார்கள். இன்னொன்று, நெருடியது. தேயிலை பறிக்கிறவளுக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளத் தராசு வேண்டியிருந்திருக்கிறது. கிலோவாக மாறிய பிறகுதான் அவளுடைய கண் உலகத்துக்குத் தெரிகிறது. ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்திலிருந்து காலனிய காலத்தில் கூட்டிவந்த ஆதிவாசிகளின் பேத்திகள் அவர்களில் ஏராளம். அந்த உடம்புகளை எடைபோட்டே பார்த்துவந்த தோட்டம் அது. கூடுதலாக வந்த ஐந்து கிலோவில் அவள் பங்கு எவ்வளவு, தோட்டத்தின் பங்கு எவ்வளவு? நாள்கூலியோடு, குறித்த அளவைத் தாண்டியதற்குச் சிறு தொகை சேர்த்துத் தருவது அங்கே வழக்கம். அந்தச் சிறு தொகையின் அரசியல் சதவீதத்துக்குள் வராது. பேத்தியின் முகம் தெளிவாகத் தெரிந்ததா, சோற்றில் கல் குறைந்ததா என்று எந்தத் தராசும் கேட்காது.

ஆனாலும் நெருடலோடு நின்றுவிட்டால் நாம் அந்த முகாம் பையனைவிட மேலானவர்கள் இல்லை. உற்பத்தித்திறன் என்கிற சொல்லாடலை விமர்சித்துவிட்டு, அந்தச் சொல்லாடல் வழியாக வந்துசேர்ந்த கண்ணாடியையும் வேண்டாமென்று சொல்ல நாம் யார்? நம் மூக்கில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. எண்களைப் பயன்படுத்துவோம், எண்களுக்கு வெளியே இருப்பதையும் கேட்போம். இப்போதைக்கு எனக்கு இதற்கு மேல் தெளிவு இல்லை.

7

செய்ய முடியுமா என்றால் செய்து காட்டியிருக்கிறார்கள். வங்காளதேசத்தில் பிராக் அமைப்பின் கிராமச் சுகாதாரப் பெண்கள் 2006 முதல் வீடு வீடாகப் போய்க் கிட்டப் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி விற்கிறார்கள். மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற பக்கத்து வீட்டுப் பெண்கள். ருவாண்டாவில் 2012க்குப் பிறகு ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர்களையே பயிற்றுவித்தார்கள். தெலங்கானாவில் 2018 ஆகஸ்டில் 'கண்ட்டி வெலுகு' திட்டம் வந்தது, 2023இல் இரண்டாம் கட்டம். ஊர் ஊராக முகாம், வயது வந்த யாரும் வரலாம், கிட்டத்துக் கண்ணாடியைக் கையோடு கொடுத்தார்கள், லட்சக்கணக்கில். சத்வாரம் என்று பெயரிட்ட மொழி. சும்மா தற்செயலாக இருக்கலாம், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

2021இல் உலக சுகாதாரப் பேரவை, பார்வைக் கண்ணாடி தகுந்தபடி கிடைப்பதை 2030க்குள் 40 சதவீதப் புள்ளி கூட்டுவது என்று இலக்கு வைத்தது. 2024 மே மாதம் அதற்கென 'ஸ்பெக்ஸ் 2030' என்ற முயற்சியும் தொடங்கியது. இந்தியாவில் பார்வைக் கண்ணாடிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நல்லதுதான். ஆனால் நடைமேடைக் கண்ணாடிக்கு ரசீது ஏது? வரி குறைந்ததால் அம்மாவுக்கு எதுவும் குறையவில்லை. வீட்டு வாசலுக்கு வருகிற கிராமச் சுகாதாரச் செவிலியர் பையில் நாலு பவர் கண்ணாடியும் ஒரு ஊசியும் இருந்தால் குறையும்.

8

கண்ணாடி வந்த முதல் நாள் அம்மா பீடி சுற்றவில்லை. அரிசியைச் சுளகில் கொட்டிப் புடைத்துப் பொறுக்கினாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இத்தன நாளு இதையா ஒங்களுக்குப் பொங்கிப் போட்டேன்?" என்றாள்.

தெருவில் பேச்சு வந்தது. "என்ன, டீச்சரம்மா வாராக!" கேலிதான், பிரியமான கேலி. ஆனால் அதற்குள் த்ரெவீசோ மடத்து ஓவியம் அப்படியே இருக்கிறது. படிக்காதவளுக்கு எதுக்குக் கண்ணாடி? நான் முன்பு சொன்ன, விலைச்சீட்டில்லாத செலவு இதுதான். அம்மா திண்ணையில் மட்டும் போட்டுக்கொண்டாள். கம்பெனிக் கடைக்குப் போகும்போது கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். எத்தனையோ கணக்கெடுப்புகளில் 'கொடுத்த கண்ணாடியைப் பயன்படுத்துவதில்லை' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் இப்படி எத்தனை முந்தானைகளோ.

கழிவு குறைந்தது. அடியோடு நிற்கவில்லை. இலை மோசமாக வந்தால் கண்ணாடி என்ன செய்யும்? ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒன்று நடந்தது. வழக்கம்போலக் கடையில் ஒரு கட்டை எடுத்துக் கழிவில் போட்டிருக்கிறார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியை எடுத்து மாட்டியிருக்கிறாள். கழித்த பீடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறாள். "இதுல என்ன கொறன்னு காட்டுங்க" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அதில் பாதி திரும்பக் கணக்கில் ஏறியது.

இத்தனை வருஷமும் எது கழிவு என்று பார்க்கிறவர் சொன்னதுதான். அவளுக்கு அது தெரியாததால் தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை கழிவு உண்மையிலேயே அவளுடையது, எத்தனை இல்லை என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை.

இந்த இதழில் எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது, வெள்ளெழுத்துக்காரர்களை நினைத்துப் பாருங்கள் என்று வாசகர்கள் கடிதம் எழுதுவதுண்டு. நியாயமான புகார், ஆசிரியர் கவனிக்கட்டும். அந்தக் கடிதத்தை எழுதி முடித்த கையோடு, வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவிடமும், தெருமுனையில் பூக்கட்டுகிறவளிடமும், நாற்பதைத் தாண்டிய உங்கள் அம்மாவிடமும் ஒரு ஊசியையும் நூலையும் கொடுத்துப் பாருங்கள்.